ரெண்டு சிசேரியன் ஆச்சு... மூணாவது நார்மல் ஆகுமா? பயத்துக்கும் உண்மைக்கும் நடுவே தென்சென்னை புறநகர்ப் பெண்கள்: முழு விளக்கம்

"ரெண்டு தடவை வயித்தைக் கிழிச்சாச்சு. மூணாவதும் கத்திதானா?" தாம்பரம், சேலையூர், பெருங்களத்தூர், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி என்று தென்சென்னை புறநகர் முழுக்க, மூன்றாவது முறை கருவுற்ற பல பெண்களின் மனசுக்குள் ஓடும் கேள்வி இது. பலர் இதை டாக்டரிடம் கேட்பதே இல்லை. கேட்டால் திட்டு விழுமோ என்ற தயக்கம். கேட்காமல் விட்டால் ராத்திரி தூக்கம் வராது.

இந்தப் பயத்துக்கு ரெண்டு முகம். ஒன்று, "நார்மலுக்கு முயற்சி பண்ணா உள்ளே தையல் பிரிஞ்சிடும்" என்ற பயம். இன்னொன்று, "இன்னொரு ஆபரேஷனை உடம்பு தாங்குமா" என்ற பயம். ரெண்டுமே அர்த்தமில்லாத பயம் கிடையாது. ஆனால் எந்தப் பயம் எவ்வளவு உண்மை என்பதற்கு மருத்துவத்தில் கணக்கு இருக்கிறது. அந்தக் கணக்கு என்ன? யாருக்கு நார்மல் சாத்தியம்? யாருக்கு வேண்டவே வேண்டாம்? பார்க்கலாம்.

தமிழ்நாட்டில் எத்தனை பேருக்கு சிசேரியன்?

2019-21-ல் நடந்த 5-வது தேசிய குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 100 பிரசவங்களில் கிட்டத்தட்ட 45 சிசேரியன். அரசு மருத்துவமனைகளில் இது 36 சதவீதம், தனியாரில் சுமார் 64 சதவீதம். இந்திய சராசரி 21.5 சதவீதம்தான். 2015-16-ல் நடந்த முந்தைய ஆய்வில் தமிழ்நாட்டின் அளவு 34 சதவீதமாக இருந்தது.

முதல் பிரசவம் சிசேரியன் என்றால், இரண்டாவதும் பெரும்பாலும் சிசேரியனாகவே முடிகிறது. அதோடு குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனும் செய்துகொள்வதுதான் இங்கே வழக்கம். அதே ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையிலான திருமணமான பெண்களில் சுமார் 58 சதவீதம் பேர் கருத்தடை ஆபரேஷன் செய்துகொண்டவர்கள்.

அதனால்தான் ரெண்டு சிசேரியனுக்குப் பிறகு மூன்றாவதாகக் கருவுறும் பெண்ணுக்கு, அக்கம்பக்கத்தில் அனுபவம் சொல்ல ஆளே கிடைப்பதில்லை. தெரிந்தவர்கள் இல்லாத இடத்தில் கேள்விப்பட்ட கதைகள்தான் வந்து உட்காருகின்றன.

'ஒரு தடவை சிசேரியன்னா எப்பவும் சிசேரியன்': இது எங்கிருந்து வந்தது?

இந்தக் கருத்து 1916-ல் எட்வின் கிராகின் என்ற நியூயார்க் மருத்துவர் எழுதிய கட்டுரையில் இருந்து பரவியது. அந்தக் காலத்தில் கர்ப்பப்பையின் மேல்பகுதியில் நெடுக்காக வெட்டித்தான் குழந்தையை எடுத்தார்கள். பிரசவ வலியில் அதிகமாக இறுகுவதும் அந்த மேல்பகுதிதான். அங்கே தழும்பு இருந்தால் அடுத்த பிரசவத்தில் கிழியும் வாய்ப்பு அதிகம். அதனால் அன்றைக்கு அவர் சொன்னதில் நியாயம் இருந்தது.

பின்னர் கர்ப்பப்பையின் கீழ்ப்பகுதியில் குறுக்காக வெட்டும் முறை வந்தது. இன்று நடக்கும் சிசேரியன்களில் மிகப் பெரும்பாலானவை இப்படித்தான். கீழ்ப்பகுதி மெல்லியது, இறுக்கம் குறைவு, தழும்பு நன்றாக ஆறும். வெட்டு மாறியது, பழைய பேச்சு மட்டும் மாறவில்லை.

ரெண்டு சிசேரியனுக்குப் பிறகு ஆபத்து எவ்வளவு?

பிரிட்டனின் மகப்பேறு மருத்துவர்கள் ராயல் கல்லூரி 2015-ல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, ஒரு சிசேரியனுக்குப் பிறகு நார்மலுக்கு முயற்சி செய்பவர்களில் 200 பேரில் ஒருவருக்குக் கர்ப்பப்பை கிழியலாம். அதாவது 1000 பேரில் 5 பேர்.

ரெண்டு சிசேரியன் ஆனவர்களைப் பற்றிய பல ஆய்வுகளைத் தொகுத்து 2010-ல் ஒரு ஆய்வறிக்கை வந்தது. அதன்படி, முயற்சி செய்தவர்களில் 100-க்கு 71 பேருக்கு நார்மல் பிரசவம் ஆனது. 1000 பேரில் சுமார் 14 பேருக்குக் கர்ப்பப்பை கிழிந்தது. 2006-ல் வெளியான பெரிய அமெரிக்க ஆய்வில் இந்த அளவு இன்னும் குறைவு. ஒரு சிசேரியன் ஆனவர்களில் 1000-க்கு 7, ஒன்றுக்கு மேல் ஆனவர்களில் 1000-க்கு 9.

இந்த எண்ணை ரெண்டு விதமாகப் படிக்கலாம். 1000-ல் 986 பேருக்கு அந்த விபரீதம் நடக்கவில்லை என்பது ஒரு பக்கம். நடந்த 14 பேருக்கு அது நிமிஷக் கணக்கில் உயிர்ப் பிரச்சினை என்பது இன்னொரு பக்கம். கர்ப்பப்பை கிழிந்தால் குழந்தைக்கு ஆக்ஸிஜன் குறையும், தாய்க்கு உள்ளே ரத்தம் கொட்டும். உடனே ஆபரேஷன் தியேட்டர் வேண்டும்.

இதனால்தான் ரெண்டு சிசேரியன் ஆனவர்களுக்கு நார்மல் கூடவே கூடாது என்று பிரிட்டன், அமெரிக்க மருத்துவ அமைப்புகள் சொல்வதில்லை. மூத்த மகப்பேறு மருத்துவர் நேரடியாக விளக்கிப் பேசிய பிறகு, வசதியுள்ள மருத்துவமனையில் பரிசீலிக்கலாம் என்கின்றன. மூன்று அல்லது அதற்கு மேல் சிசேரியன் ஆனவர்களைப் பற்றி ஆய்வுகள் மிகக் குறைவு. நடைமுறையில் தமிழ்நாட்டின் பெரும்பாலான மருத்துவமனைகள், ரெண்டு சிசேரியன் ஆகிவிட்டாலே மூன்றாவதையும் திட்டமிட்ட சிசேரியனாகவே வைக்கின்றன.

அப்போ மூணாவது சிசேரியன் பாதுகாப்பானதா?

திட்டமிட்டு, பொதுவாக 39 வாரத்தை ஒட்டி, வலி வரும் முன்பே செய்யும் சிசேரியனில் கர்ப்பப்பை கிழியும் ஆபத்து மிக மிகக் குறைவு. அதனால் 'தையல் பிரியும்' என்ற பயத்துக்கு இது நேரடி பதில்.

ஆனால் ஒவ்வொரு சிசேரியனும் அடுத்த கர்ப்பத்துக்கு ஒரு சுமையை ஏற்றிவைக்கிறது. குடலும் சிறுநீர்ப்பையும் பழைய தழும்போடு ஒட்டிக்கொள்ளலாம். அதைவிட முக்கியம், நஞ்சுக்கொடி பழைய தழும்பின் மேலேயே ஆழமாக வேர்விட்டுப் பிடித்துக்கொள்ளும் ஆபத்து. 2006-ல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், மூன்றாவது சிசேரியனின்போது இது 1000-க்கு சுமார் 6 பேருக்கு இருந்தது. நான்காவதில் 21 பேருக்கு ஆனது. நஞ்சுக்கொடி கர்ப்பப்பை வாயை மூடியபடி கீழே இருந்தால் நிலைமை இன்னும் தீவிரம். அப்படி இருந்து மூன்றாவது சிசேரியனுக்கு வந்தவர்களில் 100-க்கு 40 பேருக்கு இந்த ஒட்டுதல் இருந்தது.

இப்படி ஒட்டிக்கொண்டால் பல பாட்டில் ரத்தம் தேவைப்படலாம், கர்ப்பப்பையையே எடுக்க வேண்டி வரலாம். அதனால் சிசேரியன் ஆன ஒவ்வொருவருக்கும், நார்மலோ கத்தியோ எது முடிவானாலும், ஸ்கேனில் நஞ்சுக்கொடி எங்கே இருக்கிறது என்று கேட்டே ஆக வேண்டும்.

யாருக்கு சாத்தியம்? யாருக்குக் கூடாது?

நார்மலுக்கு முயற்சி செய்வதைப் பற்றி டாக்டர் யோசிக்கக்கூடிய நிலை:

• முந்தைய வெட்டுகள் எல்லாமே கர்ப்பப்பையின் கீழ்ப்பகுதியில் குறுக்காகப் போடப்பட்டவை
• வயிற்றில் ஒரே குழந்தை, தலை கீழே திரும்பியிருக்கிறது
• நஞ்சுக்கொடி கீழே இறங்கியில்லை
• முன்பு ஒரு முறையாவது நார்மல் பிரசவம் ஆகியிருக்கிறது. வெற்றி வாய்ப்பை அதிகம் கூட்டுவது இதுதான்
• முந்தைய சிசேரியனுக்கான காரணம் திரும்ப வராத ஒன்று. உதாரணமாக, அப்போது குழந்தை தலைமாறி இருந்தது
• வலி தானாக வருகிறது

வேண்டவே வேண்டாம் என்று சொல்லப்படும் நிலை:

• முந்தைய வெட்டு நெடுக்காகவோ மேல்பகுதியிலோ போடப்பட்டது
• ஏற்கெனவே ஒரு முறை கர்ப்பப்பை கிழிந்திருக்கிறது
• நஞ்சுக்கொடி கர்ப்பப்பை வாயை மூடியிருக்கிறது

இதற்கு நடுவே சில எச்சரிக்கைகள். கடைசிப் பிரசவத்துக்கும் இதற்கும் இடைவெளி 18 மாதத்துக்குக் குறைவு என்றால் ஆபத்து கூடும். வலி வரவழைக்க மருந்து கொடுத்தாலும் கூடும். குறிப்பாக மிசோபிராஸ்டால் மாத்திரையை, சிசேரியன் ஆனவர்களுக்குக் கடைசி மாதங்களில் வலி வரவழைக்கத் தரக் கூடாது என்பது மருத்துவ வழிகாட்டுதல். நாட்டு மருந்து, கஷாயம் என்று யாராவது வலி வருவதற்குக் கொடுத்தால், டாக்டரிடம் கேட்காமல் வாயில் வைக்கக் கூடாது.

'தையல் மெலிசா இருக்கு' என்று ஸ்கேனில் சொன்னால்?

இந்த ஒரு வாக்கியம் பல பெண்களை நிலைகுலைய வைக்கிறது. ஸ்கேனில் தழும்பு உள்ள இடத்தின் தடிமனை அளக்கலாம். ஆனால் இத்தனை மில்லிமீட்டர் இருந்தால் பாதுகாப்பு, அதற்குக் கீழே போனால் கிழிந்துவிடும் என்று எல்லோரும் ஒப்புக்கொண்ட ஒரே எல்லை இல்லை. அது டாக்டர் பார்க்கும் பல விஷயங்களில் ஒன்று. வலியோ ரத்தப்போக்கோ இல்லாதபோது, அந்த அளவு மட்டும் இன்றைக்கே கிழியப் போகிறது என்பதற்கான அறிவிப்பு அல்ல.

எல்லா பதிலும் இருக்கும் அந்த ஒரு காகிதம்

மேலே சொன்ன பட்டியலில் முதல் கேள்வி, வெட்டு எப்படிப்பட்டது என்பது. வயிற்றின் தோலில் உள்ள தழும்பைப் பார்த்து இதைச் சொல்ல முடியாது. வெளியே குறுக்காக இருக்கும் தழும்புக்கு உள்ளே, கர்ப்பப்பையில் வெட்டு நெடுக்காகவும் இருக்கலாம். அது எழுதப்பட்டிருப்பது ஆபரேஷன் குறிப்பிலும் டிஸ்சார்ஜ் சம்மரியிலும்தான்.

தென்சென்னை புறநகரில் சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. மறைமலைநகர், ஒரகடம் தொழிற்சாலைகளுக்கும் ஓ.எம்.ஆர். அலுவலகங்களுக்கும் வேலைக்காக வந்து வாடகைக்குக் குடியிருக்கும் குடும்பங்கள் இங்கே ஏராளம். வளைகாப்பு முடிந்ததும் பெண் தாய்வீட்டுக்குப் போவது வழக்கம். அதனால் முதல் பிரசவம் விழுப்புரத்திலோ திருநெல்வேலியிலோ நடந்திருக்கும். ஃபைல் அங்கே அம்மா வீட்டு பீரோவில் இருக்கும், இல்லையென்றால் வீடு மாறும்போது தொலைந்திருக்கும். மூன்றாவது கர்ப்பத்தை இங்கே பார்க்கும் டாக்டருக்குக் கையில் ஒன்றுமே இருக்காது. உள்ளே என்ன வெட்டு என்று தெரியாதபோது "ரிஸ்க் எடுக்க வேணாம்மா, ஆபரேஷன்தான்" என்று அவர் சொல்வது இயல்பு.

இந்திய மருத்துவ கவுன்சிலின் 2002-ம் ஆண்டு விதிமுறைப்படி, உள்நோயாளியின் மருத்துவ ஆவணங்களை டாக்டர்கள் 3 வருடம் வைத்திருக்க வேண்டும். நோயாளியோ அவர் அனுமதித்தவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். அதனால் சிசேரியன் ஆன எல்லோரும், அடுத்த குழந்தை பற்றி யோசனையே இல்லாவிட்டாலும், இப்போதே ஆபரேஷன் குறிப்பின் நகலை வாங்கி, செல்போனில் படம் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. 3 வருடம் தாண்டிவிட்டாலும் அந்த மருத்துவமனையில் ஒரு முறை கேட்டுப் பார்ப்பதில் நஷ்டமில்லை.

எந்த மருத்துவமனை? ஏன் அது முக்கியம்?

நார்மலுக்கு முயற்சி என்பது 'வலி வரட்டும் பார்க்கலாம்' என்ற விஷயம் இல்லை. மகப்பேறு மருத்துவரும் மயக்க மருந்து நிபுணரும் 24 மணி நேரமும் அங்கேயே இருக்க வேண்டும். தயாராக தியேட்டர், ரத்த வங்கி, பச்சிளம் குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவு வேண்டும். வலி முழுக்க, வயிற்றில் பெல்ட் கட்டிக் குழந்தையின் இதயத்துடிப்பைக் கவனிக்க வேண்டும். கர்ப்பப்பை கிழிவதை முதலில் காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் அந்தத் துடிப்பில் வரும் மாற்றம்தான்.

சின்ன நர்சிங் ஹோமில் மயக்க மருந்து டாக்டரை போன் போட்டு வரவழைப்பார்கள். அங்கே "எங்களால முடியாது" என்று சொன்னால், அது காசுக்காகச் சொல்வது என்று உடனே முடிவு கட்டத் தேவையில்லை. அது நேர்மையான பதிலாகவும் இருக்கலாம். அதேபோல ஃபைலைக்கூடப் பார்க்காமல் "கண்டிப்பா நார்மல்தான்" என்று உறுதி கொடுப்பவர்களிடமும் உஷாராக இருக்க வேண்டும்.

இந்தப் பகுதியில் குரோம்பேட்டை அரசு மருத்துவமனையும், தாம்பரம் சானடோரியத்தில் 2025-ல் திறக்கப்பட்ட மாவட்டத் தலைமை மருத்துவமனையும் இருக்கின்றன. சிக்கலான கேஸ்களுக்கு ஒரு பக்கம் செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, மறுபக்கம் எழும்பூர் அரசு தாய் சேய் நல மருத்துவமனை. ரெண்டுமே தாம்பரத்திலிருந்து 25, 30 கிலோமீட்டர். சாதாரண நாளில் ஒரு மாதிரி. பொங்கல், தீபாவளிக்கு முந்தைய ராத்திரி ஜி.எஸ்.டி. சாலை பெருங்களத்தூரில் நிற்கும்போது கதை வேறு. ஆகவே எங்கே பிரசவம் என்பதை 9-வது மாதத்தில் இல்லை, 6-வது மாதத்துக்குள் முடிவு செய்ய வேண்டும். "ரெண்டு சிசேரியன் ஆனவங்களுக்கு இங்க நார்மல் முயற்சி பண்ணுவீங்களா?" என்று நேராகவே கேட்டுவிடலாம்.

ரெண்டுக்கு மேல் என்பதால் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி மூன்றாவது பிரசவத்துக்குக் கிடைக்காது. அதனால் சிலர் பதிவு செய்யவே தயங்குகிறார்கள். ஆனால் அரசு மருத்துவமனையில் பிரசவமும் சிசேரியனும் இலவசம். அது எத்தனையாவது குழந்தை என்றாலும்தான். 12 வாரத்துக்குள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிவு செய்வது பணத்துக்காக மட்டும் இல்லை. ரெண்டு சிசேரியன் என்ற தகவல் அந்த அட்டையில் ஏறினால்தான் கண்காணிப்பும் தொடங்கும்.

பயம் தவறான வழியில் போனால்?

2024 நவம்பரில் குன்றத்தூர் அருகே ஒரு தம்பதி, 1000-க்கும் மேற்பட்டோர் இருந்த வாட்ஸ்அப் குழு ஒன்றின் வழிகாட்டுதலோடு வீட்டிலேயே பிரசவம் பார்த்துக்கொண்டனர். சுகாதாரத் துறை புகார் கொடுத்து, போலீஸ் விசாரித்தது. 2018 ஜூலையில் திருப்பூரில் இதேபோல வீட்டில் நடந்த பிரசவத்தில் ரத்தப்போக்கால் தாய் உயிரிழந்தார்.

'மருத்துவமனைக்குப் போனா கத்திதான்' என்ற பயம் சிலரை இப்படியான குழுக்கள் பக்கம் இழுக்கிறது. கர்ப்பப்பையில் தழும்பு இல்லாத பெண்ணுக்கே இது ஆபத்து. ரெண்டு தழும்பு உள்ளவருக்கு வீட்டில் முயற்சி என்பது நினைத்தே பார்க்கக் கூடாதது. மேலே சொன்ன 1000-ல் 14 என்ற கணக்கு, தியேட்டர் தயாராக இருந்த மருத்துவமனைகளில் வந்த கணக்கு. அங்கே கிழிந்தவர்களில் பெரும்பாலோரைக் காப்பாற்ற முடிந்தது தியேட்டர் பக்கத்திலேயே இருந்ததால்தான்.

பயத்தை எப்படிச் சமாளிப்பது?

முதலில், போன பிரசவத்தில் என்ன நடந்தது என்று தெரிந்துகொள்வது. "அப்போ எனக்கு ஏன் டாக்டர் ஆபரேஷன் பண்ணாங்க?" என்று ஃபைலை வைத்துக்கொண்டு கேட்கலாம். காரணம் புரியாத ஆபரேஷன்தான் மனசில் அதிக நாள் நிற்கும். அவசர சிசேரியன் ஆனவர்களில் சிலருக்கு அந்த நாளின் காட்சிகள் திரும்பத் திரும்ப வரும். அது அவர்களின் பலவீனம் இல்லை.

அடுத்து, பயத்தைக் கேள்வியாக மாற்றி எழுதிக்கொண்டு போவது:

• "எனக்கு உள்ள போட்ட வெட்டு குறுக்கா, நெடுக்கா?"
• "நஞ்சுக்கொடி பழைய தழும்பு மேல இருக்கா?"
• "நார்மலுக்கு முயற்சி பண்ணி நடுவுல நிறுத்தணும்னா, எவ்வளவு நேரத்துல ஆபரேஷன் ஆரம்பிப்பீங்க?"
• "சிசேரியன்னு முடிவாகி, தேதிக்கு முன்னாடியே வலி வந்துட்டா நான் என்ன பண்ணணும்?"

கடைசிக் கேள்வியைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பதில் தெரிந்திருந்தால் ராத்திரி 2 மணிக்கு வலி வரும்போது குழப்பம் இருக்காது.

மூன்றாவது, கூட இருக்க ஒருவர். அரசு மருத்துவமனைகளில் பிரசவத்தின்போது ஒரு பெண் துணை கூட இருக்க அனுமதி உண்டு. "எங்க காலத்துல எல்லாம்..." என்று ஆரம்பிக்கும் மாமியாரோ, "எதுக்கு ரிஸ்க்கு" என்று பதறும் அம்மாவோ, ஒரு முறை டாக்டரைப் பார்க்கும்போது கூடவே வரட்டும். அதே விளக்கத்தை அவர்களும் காதால் கேட்டால் வீட்டில் பாதி சண்டை குறையும். கணவரும் ரத்த வகை, ரத்த தானம் செய்யத் தயாராக உள்ளவர்கள், மருத்துவமனைக்குப் போகும் வழி எல்லாவற்றையும் முன்பே பார்த்து வைக்கலாம்.

நான்காவது, பயம் எப்போது உதவி தேட வேண்டிய பயம் ஆகிறது என்று தெரிந்திருப்பது. தொடர்ந்து தூக்கம் இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, செக்கப்புக்குப் போகவே கால் வரவில்லை, செத்துப்போவோம் என்ற எண்ணம் விடவில்லை என்றால், 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் 24 மணி நேரமும் இலவசமாக மனநல ஆலோசனை பெறலாம். தமிழ்நாடு அரசின் 104 உதவி எண்ணிலும் பேசலாம்.

எப்போது உடனே கிளம்ப வேண்டும்?

• வலி விட்டு விட்டு வராமல், தழும்பு பக்கம் விடாமல் வலிப்பது
• ரத்தப்போக்கு
• பனிக்குடம் உடைவது
• குழந்தையின் அசைவு குறைவது
• மயக்கம், படபடப்பு, தோள்பட்டையில் திடீர் வலி

இதில் எது வந்தாலும் வீட்டில் காத்திருக்காமல் 108-ஐ அழைக்க வேண்டும். போனில் முதல் வார்த்தையே "ரெண்டு சிசேரியன் ஆனவங்க" என்பதாக இருக்கட்டும்.

என்னதான் முடிவு?

ரெண்டு சிசேரியனுக்குப் பிறகு நார்மல் என்பது எல்லோருக்கும் இல்லை; யாருக்குமே இல்லை என்பதும் உண்மை இல்லை. ஃபைல் கையில் இருந்து, தழும்பு சரியான இடத்தில் இருந்து, வசதியுள்ள மருத்துவமனையும் சம்மதித்தால் அது பேசிப் பார்க்க வேண்டிய விஷயம். இதில் ஒன்று குறைந்தாலும் திட்டமிட்ட சிசேரியன்தான் பாதுகாப்பு. அப்படி முடிவானால் அது தோல்வி அல்ல. எப்படிப் பிறந்தது என்பதை வைத்து யாரும் அந்தத் தாய்க்கு மார்க் போட வேண்டியதில்லை.

முதல் பிரசவத்துக்குக் காத்திருப்பவர்களுக்கும் இதில் சேதி உண்டு. மருத்துவக் காரணம் இல்லாமல், நல்ல நேரம் பார்த்து முதல் சிசேரியனுக்குத் தேதி குறிக்கும்போது, ரெண்டாவது, மூன்றாவது பிரசவத்தின் வழியும் சேர்ந்தே குறிக்கப்படுகிறது. தேதி குறிப்பதற்கு முன் "இது கட்டாயம் தேவையா டாக்டர்?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது.